தை மாதத்துக் கடலோரச் சாலை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றப் பிரியப்படுகிறவர்களுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்த மழை ஓய்ந்து, வானம் தெளிந்துவிடுகிறது. வெயிலில் கடுமை இல்லை. தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் செல்லும் கடலோரப் பாதையைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

காரில் போகிறவர் கண்ணாடிக்குள்ளிருந்து ஊரைப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கோ ஊரின் மணமும் சேர்ந்து வருகிறது. கருவாட்டு வாடை வந்தால் கடல் அருகில் இருக்கிறது என்று பொருள். வைக்கோல் மணம் வந்தால் வயல் வந்துவிட்டது என்று பொருள்.

பயணம் தொடங்கும் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை அலைகளைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடும் இந்தச் சிற்றூரிலிருந்துதான் வெளிவந்தது. தெற்கே சென்றால், 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்கால். அரசலாறு அங்கே கடலில் கலக்கிறது. அதையும் தாண்டினால் நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள் தொலைவிலேயே தென்படும்.

அடுத்த ஊர் நாகப்பட்டினம். கடலை அழகென்று சொல்ல இங்கே நாக்கு சற்றுத் தயங்கும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதே கடலை நம்பித்தான் விடியுமுன் இன்றும் படகுகள் புறப்படுகின்றன.

வேளாங்கண்ணியைக் கடந்து திருப்பூண்டிப் பக்கம் வந்ததும், மேற்கே பிரியும் சிறிய சாலைகளில் இறங்கிப் பார்க்கவேண்டும். இருபுறமும் முற்றிய சம்பாக் கதிர்கள் தலைசாய்ந்து நிற்கும். திருப்பத்தில் திடீரென்று சாலையில் பாதி பொன்னிறமாகிவிடும். காயப்போட்ட நெல்! ஓரத்தில் வரிசையாகக் கற்கள். முக்காடிட்ட பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

படம் எடுக்க நல்ல காட்சிதான். ஆனால் அதன் பின்னால் ஒரு கவலை இருக்கிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. பருவம் தவறி மழை பெய்த ஆண்டுகளில் விதி தளர்த்தப்படுவதும் உண்டு. அந்த உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்குமா? களம் இல்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம். நான்கு மாதத்துக்கு மேல் பட்ட பாடு அந்தக் கறுப்புத் தரையில் பரந்து கிடக்கிறது.

சாலையில் நெல் உலர்த்துவது ஆபத்தில்லாத காரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரவில் அந்தக் கற்கள் கண்ணுக்குத் தெரியா. வைக்கோலில் சக்கரம் வழுக்கும், சங்கிலியில் சிக்கும், சூடேறிய புகைக்குழாயில் பட்டால் தீயும் பிடிக்கலாம். இதற்குப் பரிகாரம் உழவரை விரட்டுவதன்று; ஊருக்கு ஊர் உலர்களம் கட்டித் தருவதே. அதுவரை, பொழுதுபோக்குக்காக வருகிறவர் வேகத்தைக் குறைப்பதுதான் நியாயம். பிழைப்புக்காக நிற்கிறவர் எங்கே ஒதுங்குவார்?

மீண்டும் கடலோரப் பாதைக்கு வந்து தெற்கே போனால் புஷ்பவனம். பெயருக்கேற்ற பசுமையான ஊர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளையும் மாமரங்களையும் அடியோடு சாய்த்தது. தென்னை ஒரு நாளில் விழுந்துவிடும். மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் அல்லவா?

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்புப் பாத்திகள் கண்ணாடி போல் விரிகின்றன. திருச்சியிலிருந்து 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் நடந்தே வந்து, 30-ஆம் தேதி உப்பெடுத்த பூமி இது. அவர்கள் அன்று பதினைந்து நாட்களுக்கு மேல் நடந்தார்கள் என்பதை, வண்டியை முறுக்குமுன் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

பாதை முடியும் கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்கள் புல்வெளியில் துள்ளுவதையும், சதுப்பு நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்பதையும் பார்க்கலாம். எஞ்சினின் சத்தத்தை நிறுத்தினால்தான் அவை கிட்டத்தில் தெரியும்.

வழிக்குச் சில குறிப்புகள்: தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். வேதாரண்யத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது. பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடவேண்டும். நெல் கிடந்தால் வண்டியை ஓரங்கட்டி, கேட்டுவிட்டுப் போகவேண்டும். அப்படிக் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் வழியும் கிடைக்கும். குடிக்க ஒரு செம்பு தண்ணீரும் கிடைக்கும்.