அரங்கின் ஒளியும் அயலவர் உறக்கமும்

ஊருக்கோர் விளையாட்டரங்கு வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. மாணாக்கரோடு பல்லாண்டு பழகிய நாம், மைதானமில்லாப் பாடசாலையின் வறுமையை நன்கறிவோம். ஆயினும், அரங்கைப் பற்றி எண்ணுங்கால் அதன் மதிலுக்கப்பால் வாழும் குடும்பங்களைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும்.

கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள ஆர். பிரேமதாச விளையாட்டரங்கையே எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் அவ்விடம் சதுப்புநிலம். அருகிலுள்ள கெத்தாராம விகாரைக்குப் பிக்குமார் படகிற் சென்றனர் என்பர். 1986ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரங்கு திறக்கப்பட்டது. 1997இல் இந்தியாவுக்கெதிரான டெஸ்ட் போட்டியில் இலங்கை அணி 6 விக்கெட்டுகளுக்கு 952 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை நிலைநாட்டியதும் இங்கேதான். இங்கு ஒளிக்கோபுரங்களும் எழுந்தன. ஏறக்குறைய 35,000 பேர் அமரத்தக்க இவ்வரங்கைச் சூழ்ந்திருப்பவையோ நெருக்கமான குடியிருப்புகள்.

ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் தத்தம் ஊர் செல்வர். அயலவர் எங்கே செல்வர்? பகலிரவு ஆட்டம் இரவு பத்து மணியை அண்மித்தே முடிகின்றது. அதுவரை ஆரவாரமும் பப்பரே வாத்தியமும் ஓய்வதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், விடியலில் வேலைக்கெழும் தொழிலாளிக்கும், தொட்டிற் குழந்தைக்கும் அவ்விரவு நீண்ட இரவே. வாகன நெரிசலில் நோயாளியை ஏற்றிச்செல்லும் வண்டியும் தடைப்படலாம். கடலை விற்போருக்கும் சிறுகடைக்காரருக்கும் அன்று நல்ல வருவாய் உண்டென்பதும் மெய்யே. ஆனால் எல்லா வீடுகளும் கடைகள் அல்லவே!

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. சதுப்புநிலம் மழைநீரைத் தன்னுள் ஏற்று வெள்ளத்தைத் தணிப்பது. அதனை நிரப்பினால் நீர் வேறிடம் தேடும். தாழ்ந்த வீட்டு முற்றமே முதலில் அதற்கு இடமாகும்.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஒளி மைதானத்தில் மட்டும் விழுமாறு விளக்குகளுக்கு மறைப்பிடலாம். ஒலிபெருக்கிகளை உள்நோக்கித் திருப்பலாம். வாயில்களைப் பெருவீதிப் பக்கம் அமைக்கலாம். அத்திவாரத்துக்கு முன்னரே வடிகால் வெட்டலாம். ஆட்டமில்லா நாளில் பயிற்சித் திடலொன்றையேனும் அயற்சிறுவருக்குத் திறந்துவிடலாம். தொடக்கத்தில் இவற்றுக்காகும் செலவு சிறிது. பின்னர் திருத்துவதற்காகும் செலவோ பெரிது.

எனவே, புதிய அரங்கு அமைக்க விழையும் பெரியோர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வரைபடத்தை விரிக்குமுன், மதிலோரத்து வீட்டுத் தாயொருத்தியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் பிள்ளையும் விளையாட வேண்டியவன். இரவில் உறங்கவும் வேண்டியவன்.