ஜவ்வரிசியும் திப்பியும்

காய்ச்சலில் கிடப்பவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது நம் பகுதியில் வழிவழியாக வரும் பழக்கம். "சர்க்கரையே சேர்க்கவில்லை, உப்புக் கஞ்சிதான் கொடுத்தோம், பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறியது எப்படி?" என்று நீரிழிவு நோயாளிகளின் உறவினர் எங்களிடம் அடிக்கடி வினவுகின்றனர். காய்ச்சலும் தன் பங்குக்குச் சர்க்கரையை உயர்த்தும் என்பது உண்மையே. ஆயினும் விடையின் பெரும்பகுதி ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஆலைகளில் கண்ணெதிரே நிகழ்கிறது.

அங்கே குச்சிக்கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, நீர்விட்டுச் சலிக்கின்றனர். தொட்டியில் படியும் வெண்ணிற மாவு, 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியாகிறது. சல்லடையில் தங்கும் சக்கையாகிய திப்பி தீவனத்துக்குப் போகிறது. மாவு என்பது ஸ்டார்ச். திப்பியிலுள்ள நாரின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். பிரெஞ்சு வேதியியலாளர் பாயன் 1838இல் தாவரங்களிலிருந்து பிரித்தறிந்தது.

வியப்பு என்னவெனில், இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் கோக்கப்பட்ட சங்கிலிகள். கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் அலகுகள் ஒரே பக்கம் பார்த்தபடி இணைகின்றன. இது ஆல்ஃபா பிணைப்பு. சங்கிலி சுருளாக வளைகிறது. வேகவைத்தால் நீர் உள்ளே புகுந்து மாவு நெகிழ்கிறது. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள நொதி அதை விரைவில் வெட்டிக் குளுக்கோஸாக்க வழிசெய்கிறது. சர்க்கரை சேர்க்காத கஞ்சியும் சர்க்கரைச் சங்கிலியே.

செல்லுலோஸிலோ ஒவ்வோர் அலகும் முந்தைய அலகுக்கு நேர் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. இது பீட்டா பிணைப்பு. அதனால் சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டுகின்றன. அவை தனித்தனியே வலுக்குறைந்தவை. ஆயிரக்கணக்கில் சேரும்போது நீரும் எளிதில் நுழையாத இழையாகின்றன. பருத்தி நூல் ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ்தான். வேட்டி எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை அல்லவா? பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி மனிதருக்கு இல்லை. பசுவுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன.

ஆகவே செல்லுலோஸ் நம் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில்லை; மலத்துக்குப் பருமன் தந்து குடலை இயக்குகிறது. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 25 கிராமேனும் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஜவ்வரிசியில் அது மிகச் சொற்பம்.

நீரிழிவு உள்ளவருக்குக் கஞ்சியை அளந்து சிறிதளவே கொடுங்கள். பாசிப்பருப்பு, கீரை சேர்ப்பது நன்று. மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். குடல் அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ குடலடைப்பிலோ நார் குறைந்த உணவு அறிவுறுத்தப்பட்டவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது; அவர்களுக்கு ஜவ்வரிசியே ஏற்றதாக அமையலாம். நீர் அருந்தாமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மிகும். சிறுநீரக, இதய நோயாளிகள் நீரின் அளவை எங்களிடம் கேட்டறியவும். அடுத்த முறை வரும்போது கஞ்சி குடித்த நேரத்தையும் அளவையும் சர்க்கரை அளவுகளுடன் குறித்து வந்தால், மருந்தைச் சரிசெய்ய எங்களுக்கு எளிதாகும்.