மறுவாழ்வு உளவியலாளருக்கு ஒரு தொழிற்கழகம்: கொல்கத்தா காட்டும் வழி

விபத்தில் காலை இழந்த தொழிலாளி ஒருவருக்குச் செயற்கைக் கால் பொருத்தப்படுகிறது. அவர் அதனை அணிந்து மீண்டும் பணிக்குச் செல்வாரா, வீட்டு மூலையில் சாத்தி வைத்துவிடுவாரா என்பது அக்காலின் அமைப்பை மட்டும் பொறுத்ததன்று. இழப்பை அவர் மனம் ஏற்றுக்கொண்டதா, குடும்பத்தினர் அவரை எவ்வாறு நடத்துகின்றனர், வேலை கொடுப்பவர் அவரை நம்புகின்றாரா என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஆராய்ந்து துணைபுரியும் துறையே மறுவாழ்வு உளவியல் ஆகும்.

மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதில் மருத்துவ உளவியல் சிறப்புக் கவனம் செலுத்துகிறது. மறுவாழ்வு உளவியலோ, குறைபாட்டுடன் வாழும் ஒருவர் கல்வி, தொழில், குடும்பம் ஆகியவற்றில் முழுப் பங்கு பெறுவதை நோக்கமாகக் கொண்டது. ஒருவரது இடர்ப்பாடு உடலில் மட்டுமன்றி, அவருக்கும் சூழலுக்கும் இடையேயுள்ள உறவிலும் அடங்கியுள்ளது என்பது குர்ட் லெவின் வழிவந்த தமாரா டெம்போ, பியாட்ரிஸ் ரைட் ஆகியோரின் கருத்து. அமெரிக்க உளவியல் சங்கத்தில் 1958ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது.

கொல்கத்தாவின் மரபு

இந்தியாவில் இத்தகைய முயற்சிக்கு ஏற்ற களங்களுள் கொல்கத்தா முதன்மையானது. நாட்டின் முதல் உளவியல் துறை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் தொடங்கியது. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1924இல் இந்திய உளவியல் சங்கம் தோன்றியது. அதன் ஆய்விதழும் விரைவில் வெளிவரலாயிற்று. பயன்முறை உளவியலுக்கான பிரிவு 1938இல் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. கற்பித்தலுக்குத் துறையும் கலந்துரையாடலுக்குச் சங்கமும் இருந்தமையால், புதிய பாடமொன்று வேரூன்ற முடிந்தது.

மறுவாழ்வுப் பணியிலும் இந்நகர் பின்தங்கியதன்று. காது கேளாதோர்க்கான பள்ளி 1893இலும், பார்வையற்றோர்க்கான பள்ளி 1897இலும் இங்குத் தொடங்கப்பட்டன. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கான அமைப்பு 1974இல் உருவாயிற்று. உடல் இயக்கக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 1978இல் பன்ஹூக்ளியில் அமைத்தது. உளவியல் மரபும் மறுவாழ்வு நிறுவனங்களும் இந்நகரில் அருகருகே உள்ளன. இவற்றில் பணிபுரிவோரை இணைக்கும் பாலமே தேவை.

சட்டம் தருவதும் தராததும்

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், மறுவாழ்வு உளவியலாளரையும் தொழில்முறைப் பணியாளராக ஏற்றுக்கொண்டது. உரிய தகுதி பெற்று, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே மாற்றுத்திறனாளிகளிடையே இத்தொழிலைச் செய்யலாம். மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எனினும், பதிவேடு தகுதியை உறுதிசெய்வதோடு நின்றுவிடுகிறது. மாவட்ட மையம் ஒன்றில் தனித்துப் பணியாற்றும் இளம் உளவியலாளர், சிக்கலான நேர்வு ஒன்றில் யாரிடம் ஆலோசனை பெறுவார்? ஆங்கிலத்தில் அமைந்த சோதனையை வங்காளியோ சந்தாலியோ பேசும் சிறுவனுக்கு எவ்வாறு பயன்படுத்துவார்? நேரடியாக மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாள் தவறான மதிப்பெண்ணைத் தரக்கூடும். அம்மதிப்பெண்ணே சிறுவனது சான்றிதழையும் பள்ளிச் சேர்க்கையையும் பாதிக்கலாம். இத்தகைய குறைகளைக் களைவதே தொழிற்கழகத்தின் முதற்பணி.

பணியின் பரப்பும் விரிந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. அமிலவீச்சுக்கு உள்ளானோர், தலசீமியா நோயாளர் ஆகியோரும் இதில் அடங்குவர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். மேற்கு வங்காளத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர்.

அமைக்கும் முறை

கழகம் தொடங்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. 1961ஆம் ஆண்டு மேற்கு வங்காளச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, எழுவர் சேர்ந்து அமைப்பு விதிகளை வகுத்துப் பதிவு செய்யலாம். பல்கலைக்கழகம், மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, தன்னார்வ நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் உறுப்பினர் இடம்பெறுதல் நன்று. ஒரே நிறுவனத்தினர் மட்டும் கூடினால், அது அந்நிறுவனத்தின் கிளையாகவே நின்றுவிடும்.

மாதந்தோறும் நேர்வு ஆய்வுக் கூட்டம், வட்டார மொழிகளில் சோதனைகளைத் தரப்படுத்தல், ஒழுக்க நெறிகளை வகுத்தல், புதிதாகப் பணியேற்போர்க்கு மூத்தோரின் வழிகாட்டல் ஆகிய நான்கையும் தொடக்கத் திட்டமாகக் கொள்ளலாம். ஊதியமும் பணியிடங்களும் குறித்த கோரிக்கைகள் நியாயமானவையே. ஆயினும், அவை மட்டுமே நோக்கமாயின் பொதுமக்களின் நம்பிக்கை கிட்டாது. மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் ஆலோசனைக் குழுவில் அமர்வது இன்றியமையாதது. சேவையின் குறைநிறைகளை அவர்களே நன்கறிவர்.

மருத்துவ உளவியலாளர்கள் 1968இல் தமக்கென அகில இந்தியச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். மறுவாழ்வு உளவியலாளரும் அவ்வாறு ஒன்றுகூடிச் செயற்பட்டால், திட்டமிடுவோர்க்குத் தகுதியான ஆலோசனை கிடைக்கும். சிற்றூரில் வாழும் மாற்றுத்திறனாளிக்கும், நகரத்தில் கிடைக்கும் அதே தரத்தில் உதவி சென்றடையும்.