வேலையில்லாத தலைவர் தேவை

பெரிய இணையக் கடை ஒன்றின் தேடல் சர்வர்களைக் கண்காணிக்கும் திரையைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பல கணினிகள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்க, மூன்று மட்டும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். கிளவுடுக்கு மாதாமாதம் வாடகை கட்டும் நிறுவனத்தில், செலவைக் குறைக்க வருகிறவரின் பேனா முதலில் போய் நிற்பது அந்த மூன்றின் மேல்தான். ஆனால் மொத்தக் கூட்டத்துக்கும் தலைவர் அந்த மூன்றில் ஒன்று.

இப்படிப்பட்ட தேடல் அமைப்புகளில் அதிகம் புழங்குவது எலாஸ்டிக்சர்ச். அதன் கதை சமையலறையில் தொடங்குகிறது. லண்டனில் சமையற்கலை படித்துக்கொண்டிருந்த மனைவிக்காக, செய்முறைக் குறிப்புகளைத் தேடித்தர ஒரு நிரல் எழுதத் தொடங்கினார் ஷாய் பேனன் என்ற நிரலாளர். அதிலிருந்து 2004இல் ‘கம்பஸ்’ பிறந்தது; அதை அடியோடு மாற்றி எழுதி, 2010இல் எலாஸ்டிக்சர்ச் என்று வெளியிட்டார். உள்ளே இருக்கும் தேடல் எந்திரம் டக் கட்டிங் 1999இல் உருவாக்கிய லூசீன். லூசீன் ஒரு கணினிக்குள் தேடும். எலாஸ்டிக்சர்ச் பல லூசீன்களைப் பல கணினிகளில் பரப்பி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தேடலாகக் காட்டும். விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டிக்குப் பின்னாலும், தமிழ் விக்கிப்பீடியா உட்பட, பல ஆண்டுகள் இதுதான் உழைத்தது.

தரவு மொத்தமும் ஷார்டு எனப்படும் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நகல் வேறொரு கணினியில் இருக்கும். கூட்டத்திலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. கூட்டம் முழுவதும் கிளஸ்டர். ஐந்து ஷார்டுகளில் கிடக்கும் பொருட்பட்டியலில் ஒருவர் ‘பித்தளைக் குத்துவிளக்கு’ என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி முதலில் போய்ச் சேரும் நோடுதான் அந்தத் தேடலுக்கு ஒருங்கிணைப்பாளர். அது கேள்வியை ஐந்து ஷார்டுகளுக்கும் அனுப்பும். ஒவ்வொரு ஷார்டும் தன்னிடமுள்ள முதல் பத்தின் அடையாள எண்ணையும் மதிப்பெண்ணையும் மட்டும் திருப்பித் தரும். வந்து சேர்ந்த ஐம்பதை வரிசைப்படுத்தி, தேறிய பத்துக்கு மட்டும் முழு விவரத்தை இரண்டாம் சுற்றில் கேட்டு வாங்கும்.

முதல் பக்கத்துக்கு இது சுலபம். ஆயிரமாவது பக்கத்தைக் கேட்டால்? கடைசிப் பத்து எது என்று தெரிய, ஒவ்வொரு ஷார்டும் தன் முதல் பத்தாயிரத்தையும் அனுப்பியாக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஐம்பதாயிரத்தைக் கட்டி மாரடிக்கும். பத்தாயிரம் முடிவுகளைத் தாண்டிப் பக்கம் புரட்ட எலாஸ்டிக்சர்ச் இயல்பாகவே மறுத்துவிடுவது அதனால்தான். நினைவகத்தை விழுங்கும் வேலை இது.

தலைவரின் வேலை இந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. எந்த ஷார்டு எந்த நோடில் இருக்கிறது, எந்தப் பட்டியலில் என்னென்ன புலங்கள், யார் உயிரோடு இருக்கிறார், யார் விழுந்துவிட்டார் என்ற பதிவேட்டை அது வைத்திருக்கிறது. மாற்றம் வரும்போதெல்லாம் எல்லா நோடுகளுக்கும் அறிவித்து ஒப்புதல் வாங்குகிறது. வேலை கொஞ்சம்தான், ஆனால் அந்தந்த நொடியில் நடந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் மேற்பார்வை பார்ப்பவர் கையிலும் ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்துப் பந்திக்கு அனுப்பினால், இலை போதவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எலாஸ்டிக்சர்ச் ஜாவாவில் எழுதப்பட்டது. நினைவகம் நிரம்பி வழியும்போது, குப்பை கூட்டுவதற்காக ஜாவா மற்ற வேலைகளையெல்லாம் அப்படியே நிறுத்திவிடும் நேரங்கள் உண்டு. தரவையும் சுமந்து தலைமையும் தாங்கும் நோடு இப்படி உறைந்தால், அது செத்ததா தூங்குகிறதா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. நோடுகள் தலைவரை நொடிக்கொரு தரம் விசாரிக்கும். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் ஒரு தோல்வி. அடுத்தடுத்து மூன்று தோல்வி என்றால் தலைவர் போய்விட்டதாகவே முடிவுகட்டி அடுத்த தேர்தலுக்குப் போய்விடும். புதுத் தலைவர் வரும்வரை புதிய பட்டியல் உருவாக்க முடியாது, விழுந்த ஷார்டுக்கு மாற்று ஏற்பாடு செய்ய ஆளில்லை. யாரோ ஒருவர் கனமான ஒரு தேடலை ஓடவிட்டதற்கு ஊரே தண்டம் கட்டும். தலைமை, தரவு என்று பொறுப்புகளை வெவ்வேறு நோடுகளுக்குப் பிரிப்பதால் தேடல் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடலாம். என்னைக் கேட்டால் அது உபரி லாபம். இந்தத் தண்டத்திலிருந்து தப்பிப்பதுதான் அசல்.

தேர்தலிலும் ஒரு பழைய பகை உண்டு. நெட்வொர்க் நடுவில் அறுந்து கிளஸ்டர் இரண்டாகப் பிரிந்தால், இரு பக்கமும் ஆளுக்கொரு தலைவரைத் தேர்ந்துகொள்ளக் கூடாது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. இருந்தால் இரு பக்கமும் தனித்தனியே எழுதிக்கொண்டு போகும், பின்னால் ஒட்டவைக்கும்போது ஒரு பக்கத்து எழுத்து காணாமல் போகும். பெரும்பான்மை இருக்கும் பக்கம் மட்டுமே தலைவரைத் தேரலாம் என்பது விதி. அந்தப் பெரும்பான்மை எண்ணை முன்பெல்லாம் நிர்வாகி கையால் எழுதிவைக்க வேண்டியிருந்தது. மூன்று தலைமைத் தகுதி நோடுகளுக்கு ‘2’ என்று எழுதியிருப்பார். ஓராண்டு கழித்து நோடுகள் ஐந்தாகும், எண் மட்டும் இரண்டாகவே கிடக்கும். ஒருநாள் நெட்வொர்க் 3–2 என்று பிரிந்தால் இரு பக்கமும் ‘எங்களிடம் இரண்டு இருக்கிறது’ என்று தலைவரைத் தேர்ந்துகொள்ளும். யாரும் எந்தத் தப்பும் புதிதாகச் செய்யவில்லை; கணினிகளைக் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

எண் சரியாக இருந்தும் பிழை நேர்ந்ததுண்டு. கணினி அமைப்புகளின் நெட்வொர்க்கை வேண்டுமென்றே அறுத்துச் சோதிப்பவர் கைல் கிங்ஸ்பரி. அவர் 2014இல் எலாஸ்டிக்சர்ச்சைச் சோதித்தபோது, ‘எழுதிவிட்டேன்’ என்று அது ஒப்புக்கொண்ட தரவுகளே காணாமல் போயின. நடுவில் ஒரு நோடு இரு பக்கத்தோடும் பேச முடிகிற மாதிரி நெட்வொர்க் அறுந்தால், அதே நோடு இரு பக்கத்துக்கும் கணக்கில் சேர்ந்துவிடும் ஓட்டை அப்போது இருந்தது. கடைசியில் 2019இல் வந்த 7.0 பதிப்பில் தேர்தல் முறையையே புதிதாக எழுதினார்கள். பெரும்பான்மைக் கணக்கு நிர்வாகியின் கையிலிருந்து மென்பொருளின் கைக்குப் போனது. அந்தத் தேர்தல் முறை சரிதானா என்பதை லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற கணித மொழியில் எழுதிச் சரிபார்த்தார்கள். பரவிக் கிடக்கும் கணினிகள் எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதை ‘பேக்ஸோஸ்’ என்ற தீவின் கற்பனைச் சட்டமன்றக் கதையாக எழுதி, அது அச்சேறுவதற்காக 1990 முதல் 1998 வரை காத்திருந்தவர் அதே லாம்போர்ட்.

தலைமைத் தகுதி நோடுகள் மூன்று என்றால் பெரும்பான்மை இரண்டு. ஒன்று விழுந்தாலும் தாங்கும். நான்கு என்றால் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்றைத்தான் தாங்கும். நான்காவது நோடு வாங்கிய காசு இந்தக் கணக்கில் வீண். இரட்டைப்படை எண்ணிக்கை வந்தால் எலாஸ்டிக்சர்ச்சே ஒன்றை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கி வைத்துவிடும்.

பொறுப்புகளைப் பிரிப்பது அமைப்புக் கோப்பில் ஒரே வரிதான். 2020இல் வந்த 7.9 பதிப்பு முதல் நோடு.ரோல்ஸ் என்ற அந்த வரியில், அடைப்புக்குறிக்குள் பொறுப்புகளைப் பட்டியலிடலாம். வரியே இல்லாவிட்டால் நோடு வழக்கமான எல்லாப் பொறுப்பையும் ஏற்கும். ஒன்றே ஒன்றை எழுதினால் மற்றவை அத்தனையும் போய்விடும். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அடைப்புக்குறிக்குள் எதுவுமே எழுதாமல் விட்டால், கேள்வியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளராக மட்டும் நிற்கும். ஷார்டுகள் உள்ளே கிடக்கும்போதே தரவுப் பொறுப்பைப் பறித்தால் அந்த நோடு எழும்பவே மறுக்கும். முதலில் ஷார்டுகளை வேறு நோடுகளுக்கு அனுப்பிவிட வேண்டும்.

தரவுப் பொறுப்பிலும் சூடு, வெதுவெதுப்பு, குளிர், உறைவு என்று அடுக்குகள் உண்டு. இன்றைய பதிவுகள் வேகமான எஸ்எஸ்டியில், பழையவை மலிவான வட்டில். இது பெரும்பாலும் பண விஷயம்.

மூன்றே கணினிகள் வைத்திருப்பவர் இதையெல்லாம் படித்துவிட்டுப் பொறுப்புகளைப் பிரிக்கக் கிளம்ப வேண்டாம். மூன்றும் எல்லாமும் செய்யட்டும். ஒருங்கிணைப்பாளர்களை அடுக்கிக்கொண்டே போவதும் வினைதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலைவர் அத்தனை பேரின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். தரவு நோடுகள் திணறத் தொடங்கும்போது முதலில் தனியே ஒதுக்க வேண்டியது தலைமைக்கான மூன்றை. அவை சிறிய இயந்திரங்களாகவே இருக்கலாம்.

அந்த மூன்றையும் எங்கே வைப்பது? இரண்டு ஊர்களில் டேட்டா சென்டர் வைத்திருப்பவர் எப்படிப் பங்கிட்டாலும் ஓர் ஊரில் இரண்டு விழும். அந்த ஊரில் மின்சாரம் போனால் பெரும்பான்மையும் போச்சு. இதற்கென்றே ‘வாக்கு மட்டும்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. அந்த நோடு வாக்களிக்கும், தலைவராக நிற்காது. மூன்றாவது ஓரிடத்தில் அப்படி ஒரு சிறிய கணினியை வைத்தால் போதும். தரவு எதையும் அதில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் வாக்கு வட்டில் எழுதப்பட்ட பிறகே செல்லும் என்பதால், அதன் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் போதிய வேகத்தோடு இருக்க வேண்டும்.