கணக்கு வாத்தியாரும் கைக்குழந்தைகளும்

தாய்மார்களே, பிள்ளை பிறந்ததும் தாதி அதைத் தராசில் வைத்து எடை பார்த்து எழுதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால், "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவார். நாமும் வீடு திரும்பி, மற்ற வேலைகளில் அந்த எண்ணை மறந்துவிடுவோம்.

ஆனால் இப்படிப்பட்ட எண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களை மருத்துவப் புள்ளிவிவர நிபுணர்கள் என்பார்கள். ஊசி போடமாட்டார்கள், மருந்து கொடுக்கமாட்டார்கள். காகிதமும் கணக்கும்தான் அவர்களுடைய கருவி. அவர்களில் ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேக்கப் யெருஷால்மி (1904–1973).

அவர் படித்தது கணிதம். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று காசநோய் எக்ஸ்ரே விஷயம். ஒரே நெஞ்சுப் படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இருவரும் ஒன்றையே சொல்வார்களா? அதே டாக்டர் மறுபடி பார்த்தால் முன்பு சொன்னதையே சொல்வாரா? பல நேரங்களில் இல்லை என்று 1947-இல் அவர் எடுத்துக் காட்டினார். நோயாளிகளில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று இரண்டு கணக்குகளையும் பார்க்க வேண்டும் என்றார். இன்றும் எந்தப் புதிய சோதனையையும் இப்படித்தான் எடைபோடுகிறார்கள்.

பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பெர்க்லி நகரில், பேராசிரியரானார். 1959-இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். ஓக்லாந்து நகர வட்டாரத்தில் கருவுற்ற பெண்களைப் பிரசவத்துக்கு முன்பே சந்தித்து, அவர்களுடைய உடல்நிலை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். இரத்தமும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். 1967 வரை சுமார் 20,000 கர்ப்பங்கள் அந்த ஏட்டில் ஏறின.

அந்த ஏட்டிலிருந்துதான் ஒரு புதிர் பிறந்தது. சிகரெட் பிடிக்கும் தாய்மார்களிடையே எடை குறைந்த குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் வியப்பில்லை. ஆனால் எடை குறைந்த குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், சிகரெட் பிடிக்காத தாயின் குழந்தைகளைவிடச் சிகரெட் பிடிக்கும் தாயின் குழந்தைகள் குறைவாகவே இறந்திருந்தன! 1971-இல் இதை அவர் வெளியிட்டார். கேடு செய்வது சிகரெட்டா, அல்லது சிகரெட் பிடிக்கும் பெண்களிடம் உள்ள வேறு ஏதேனுமா என்ற ஐயத்தையும் எழுப்பினார். அப்படியானால் சிகரெட் குழந்தைக்கு நல்லதா? பொறுங்கள், அவசரப்படாதீர்கள்!

இதை நம் தோட்டத்துப் பாஷையில் பார்ப்போம். இரண்டு நிரைகள் இருக்கின்றன. ஒன்றில் விடியற்காலையிலேயே பால் வெட்டுகிறார்கள். மற்றதில் வெயில் ஏறிய பிறகு வெட்டுகிறார்கள். வெயிலில் வெட்டிய நிரையில் பல மரங்களுக்கு மங்கு நிறையவில்லை. அவற்றில் பெரும்பாலானவை நல்ல மரங்கள்தாம். வெயில்தான் பாலைக் குறைத்தது. விடியலில் வெட்டிய நிரையில் பால் குறைந்தவை சில மரங்களே. ஆனால் அவை வேர் நோய் கண்டவை.

இப்போது பால் குறைந்த மரங்களை மட்டும் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு எவை பட்டுப்போயின என்று எண்ணுங்கள். நூற்றுக்கு இத்தனை என்று பார்த்தால், விடியலில் வெட்டிய நிரைதான் மோசமாகத் தெரியும். அதற்காக வெயிலில் வெட்டுவது மரத்துக்கு நல்லது என்று சொன்னால், கங்காணி சிரிக்கமாட்டாரா?

குழந்தைகள் விஷயமும் இதுதான். சிகரெட் பிடிக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால், பிறவிக் கோளாறு போன்ற கடுமையான காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். சிகரெட் பிடிக்கும் தாய்க்கோ, எடையைக் குறைக்கச் சிகரெட்டே போதும். ஆகவே இரு பக்கமும் ஒரே மாதிரிக் குழந்தைகள் அல்ல. 2006-இல், 35 ஆண்டுகள் கழித்து, வேறு ஆய்வாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்கள். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், சிகரெட் பிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளே அதிகம் இறக்கின்றன.

கேடு சிகரெட்டிலா, பெண்களிடமா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே, 1984-இல், பதில் வந்துவிட்டது. மேரிலாந்து மாநிலத்தில் சிகரெட் பிடித்த 935 கர்ப்பிணிகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் சிகரெட்டை விட உதவி செய்தார்கள். அந்தப் பிரிவின் குழந்தைகள் சராசரி 92 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரிப் பெண்கள். எனவே வித்தியாசம் பழக்கத்தால்தான்.

1973-இல் மறைந்த பேராசிரியர் இந்தப் பதில்களைப் பார்க்கவில்லை. அவருடைய ஐயம் சிகரெட் விஷயத்தில் சரியாக வரவில்லை. ஆனால் அவர் சேர்த்துவைத்த ஏடு வீண்போகவில்லை. அந்த இரத்த மாதிரிகளைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடலில் டிடிடி பூச்சிமருந்து மிக அதிகமாக இருந்த தாய்மாரின் மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. தாய் கருவுற்றிருந்தபோது எடுத்த இரத்தம், மகள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பேசியது!

"எங்கள் வீட்டில் பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லையே" என்று நினைக்கிறீர்களா? வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டல்லவா? மும்பாயில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், மெல்லும் புகையிலைப் பழக்கமுள்ள தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. ஆண்களே, நீங்கள் வீட்டுக்குள் விடும் புகையும் வயிற்றுப் பிள்ளையை எட்டும்.

"என் பாட்டி சுருட்டுக் குடித்தே பத்துப் பெற்றாள்" என்று யாராவது சொன்னால், பிழைத்த பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். கிளினிக்கில் தாதி புகையிலைப் பழக்கத்தைப் பற்றி விசாரித்தால், வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். கருவுற்ற நாள் முதல் புகையிலையை விலக்குங்கள். விட முடியாவிட்டால் அதற்கும் தாதியிடமே வழி கேளுங்கள். பிள்ளையின் எடை எழுதிய புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஓர் உயிரின் கணக்கு.