ஒரு கையெழுத்துதான் என்றால் நில்லுங்கள்

அப்பாவின் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் வாரிசுச் சான்றிதழ் பேச்சு வந்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அண்ணன் போன் செய்வார்: "பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போம்மா, ஒரு கையெழுத்துதான்."

பல வீடுகளில் அந்தக் கையெழுத்து விழுவது விடுதலைப் பத்திரத்தில். தன் பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுவிட்டதாக எழுதித் தரும் ஆவணம் அது. பதிவான பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

தங்கை விட்டுக்கொடுப்பது எவ்வளவு? உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, 2 மகன்கள், ஒரு மகள் என்றால் 4 பங்கு. பாட்டி உயிரோடு இருந்தால் 5. பாட்டியைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கில் அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் உரிமை வரும். வீட்டை விற்கப்போகும் நாளில் அது வில்லங்கமாக எழுந்து நிற்கும்.

பூர்வீகச் சொத்திலும் மகள் மகனுக்குச் சமம். 1989இல் தமிழ்நாடு மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. 2005 திருத்தம் மணமானவர்களையும் சேர்த்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.

"நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பது பங்கை மறுக்கக் காரணம் ஆகாது. நாமினி என்ற பெயரும் அப்படித்தான்: வங்கிப் பணத்தை வாங்கும் பொறுப்பு அவருக்கு, பணமோ வாரிசுகள் எல்லோருக்கும்.

உரிமை தாமதமானால் என்ன ஆகும்? 1938இல் ஒருவர் ஏலத்தில் வாங்கிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு, அவருடைய சகோதரரின் மகள் தமிழ்நாட்டில் 1991இல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கைவிரித்தன. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது 2022 ஜனவரியில்.

முப்பது வருடத்துக்கும் மேல்! உடன்பிறந்தார் யாருக்கும் இந்த அலைச்சல் வேண்டாம்.

குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அண்ணன்மார்களே, தங்கையின் பங்கை அதில் எழுதுங்கள். தங்கைகளே, பத்திரத்தின் நகலை முன்கூட்டியே வாங்கி, உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.