கள்ளுக்கடையை மூடியபோது பிறந்த வரி

சூளகிரியில் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஓரளவு பெரிய ஓட்டலில் சாப்பிட்டால், பில்லின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும்: சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் போவார். அந்த வரியின் வேரைத் தேடினால், இதே வட்டாரத்துக் கள்ளுக்கடையில் போய் நிற்போம்.

குடிப்பழக்கம் மனிதனைவிட மூத்தது. மரத்தடியில் விழுந்து புளித்த பழத்தில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலை உண்டாக்குகிறது. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைக் குரங்கினத்தின் மரபணு ஒன்றில் சிறு மாற்றம் நேர்ந்தது. எத்தனாலைச் சிதைக்கும் நொதி ஒன்றின் திறன் ஏறக்குறைய 40 மடங்கு கூடியது. கொரில்லாவும் சிம்பன்சியும் இதில் நமக்குப் பங்காளிகள். அந்த நொதிக் குடும்பமே கள்ளச்சாராயத்தில் எமனாகிறது. அதில் கலந்த மெத்தனாலை அது ஃபார்மால்டிஹைடாக மாற்ற, அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 2008 மே மாதம் பெங்களூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இப்படித்தான் இறந்தார்கள். பார்வை மங்குகிறது என்றதும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நொதியைத் தடுக்கும் மருந்து நேரத்தோடு கிடைத்தால் கண்ணும் உயிரும் தப்ப வழியுண்டு.

குடியின்மேல் மனிதனுக்குள்ள இந்தப் பலவீனத்தை அரசுகள் வெகு சீக்கிரம் கண்டுகொண்டன. மெசபடோமியாவில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் பீர் படியளந்த கணக்கு இருக்கிறது. எழுத்தின் ஆரம்ப வேலைகளில் அதுவும் ஒன்று. வெள்ளையர் காலச் சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம், கள்ளும் சாராயமும் கொடுத்த கலால்.

அதில் கை வைத்தவர் இந்த மண்ணில் பிறந்தவர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று பத்திரிகை நடத்தியவர். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 அன்றே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. சூளகிரியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டம். சில மைல் தள்ளி மைசூர் சமஸ்தானத்தில் கடைகள் திறந்தே கிடந்தன. ஆனாலும் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என மதுவிலக்கு பரவியது.

கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் அவர் கொண்டுவந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட வரி இந்தியாவில் அதுவே முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். ராஜாஜி செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். கூலி வீட்டுக்கு வந்து சேர, மொத்த ஊரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் உடைந்தது 1971இல். மதுவிலக்கு தளர்ந்து கடைகள் திறந்தன. அதற்கு ஈடாக வந்த விற்பனை வரியோ அப்படியே நின்றது. 1974இல் கடைகள் மறுபடி மூடப்பட்டாலும் அது நிலைக்கவில்லை. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

இதற்குள் மற்ற மாநிலங்களும் விற்பனை வரியைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2017 ஜூலை 1 அன்று அந்த வரிகளெல்லாம் ஜிஎஸ்டியில் கரைந்தபோது, குடிக்கும் மதுவை மட்டும் அரசியல் சட்டமே அதற்கு வெளியே நிறுத்தியது. அதன்மீது வரி போடும் உரிமையை மாநிலங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.